மாத்திரை எப்போது கரையும்? வாசகர் கேள்வி - பதில்

மாத்திரை தயாரிக்கும் கம்பெனிகளில் 29 வருடம் ஃபார்முலேஷன் பிரிவில் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றபின் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். மாலை நேரத்தில் மதுரை சிம்மக்கல்லில் தம்பியின் மருந்துக்கடையில் உட்காருவேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எஸ்.ஆர்.’, அதாவது சஸ்டெயின்ட் ரிலீஸ், மருந்தை நீண்ட நேரத்துக்கு மெதுவாக விடுகிற மாத்திரையைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எஸ்.ஆர். மாத்திரை சாப்பிடுகிறார். மலத்தில் மாத்திரை முழுசாக வந்து விழுகிறது என்கிறார். “காசு குடுத்து வாங்கி, அப்படியே வெளிய போகுது” என்று ஒரு வாரமாக நிறுத்திவிட்டார். மாத்திரை போலியா?

– வாசகி, திருமங்கலம்

பதில்: போலி இல்லை. முதல் வேலையாக, ஒரு வாரம் நிறுத்திவிட்டதை டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் செய்யுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

உங்கள் அத்தை கண்டது மாத்திரையின் கூடு. மருந்து எப்போதோ உடம்புக்குள் போய்விட்டது. இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்றால், களி கிண்டுவதைச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார். கொதிக்கிற உலையில் கேழ்வரகு மாவை ஒரே கொட்டாகக் கொட்டினால் என்ன ஆகும்? கட்டி தட்டும். அந்தக் கட்டியைப் பிட்டுப் பார்த்தால் வெளியே வழவழவென்று வெந்திருக்கும், நடுவில் மாவு உலர்ந்தே கிடக்கும். வெளியே வெந்த பசைதான் உள்ளே தண்ணீர் போகாமல் தடுத்தது. சமையலில் அது குற்றம். எஸ்.ஆர். மாத்திரையில் அதையேதான் வேண்டுமென்று செய்கிறோம்.

கேழ்வரகுக்குப் பதில் நாங்கள் போடுவது ஹைட்ராக்சி புரோப்பைல் மெத்தில் செல்லுலோஸ் என்ற பாலிமர், அதாவது சின்னக் கண்ணிகள் நீளச் சங்கிலியாகக் கோத்த பொருள். வாயில் நுழையாத பெயர், எச்.பி.எம்.சி. என்றே சொல்லிவிடுவோம். மரக்கூழிலிருந்தோ பஞ்சிலிருந்தோ எடுத்த செல்லுலோஸை வேதிமுறையில் மாற்றிச் செய்வது. மாத்திரை வயிற்றுக்குள் போனதும் அதன் மேல்தோலில் இருக்கிற பாலிமர் தண்ணீரை உறிஞ்சிக் கூழாகிறது. அந்தக் கூழ்ப் படலத்தைத் தாண்டித்தான் தண்ணீர் உள்ளே போக வேண்டும், அதைத் தாண்டித்தான் மருந்து வெளியே வர வேண்டும். மெட்ஃபார்மினோ தண்ணீரில் சட்டென்று கரைகிற மருந்து. சாதா மாத்திரை சாப்பிட்டால் 2, 3 மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சம் தொடும். இந்தக் கூழுக்குள் அடைபட்டால் உச்சம் 7 மணி நேரத்துக்குத் தள்ளிப் போகிறது. வயிற்றுப் புரட்டல் குறைகிறது, ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும் என்று ஆகிறது.

இவ்வளவு கரைகிற மருந்தைப் பிடித்து நிறுத்தக் கொஞ்சம் பாலிமர் போதாது. அதனால்தான் 500 மில்லிகிராம் மருந்து உள்ள மாத்திரை ஒரு கிராம் எடையை நெருங்குகிறது, உங்கள் அத்தையும் அதை விழுங்கச் சிரமப்படுகிறார். மருந்து முழுக்க வெளியேறிய பின்னும் பாலிமர் கொஞ்சம் கூழாகவே மிச்சமிருக்கும். அது செரிக்காது. சில சமயம் மாத்திரை வடிவம் கலையாமலே வெளியே வரும். விரலால் அழுத்தினால் நசுங்குகிற மெத்தென்ற பொருள் என்றால் கவலையே வேண்டாம். இந்த வகை மாத்திரையோடு வரும் குறிப்புத்தாளிலேயே இப்படி வரலாம் என்று எழுதியிருக்கும். பொடி எழுத்தில், எறும்பு ஊர்வதுபோல்.

ஆனால் ஒன்று. வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் மாத்திரை குடலில் நிற்க நேரமில்லாமல் ஓடிவிடும். மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் சிறுகுடலின் மேல்பகுதிதான் உறிஞ்சும், அதைத் தாண்டிப்போன பிறகு வெளியான மருந்தால் பெரிய பிரயோஜனம் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டோடு இதைச் சாப்பிடச் சொல்வதும் அதனால்தான். சோறு இருந்தால் இரைப்பை சீக்கிரம் காலியாகாது. மருந்து வேலை செய்கிறதா என்று கழிவறையில் பார்க்காதீர்கள், 3 மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைச் சோதனை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: எஸ்.ஆர். மாத்திரை பெரிதாக இருப்பதால் பாதியாக உடைத்து, இரண்டு துண்டையும் சேர்த்துத்தான் விழுங்குகிறேன். மொத்த அளவு அதேதானே?

– வாசகர், மேலூர்

பதில்: அளவு அதேதான், நேரம்தான் வேறு. உடைத்த இடத்தில் உலர்ந்த நடுப்பகுதி இரண்டு முகமாக வெளியே தெரியும். தண்ணீர் படும் பரப்பு கூடும், நடுவுக்குப் போகிற தூரம் குறையும். 10 மணி நேரத்துக்குப் பிரித்து வைத்த மருந்து முன்கூட்டியே வந்துவிடும். இடித்துப் பொடியாக்கினால் இன்னும் மோசம், நாள் முழுக்க வர வேண்டியது அத்தனையும் ஒரே சமயத்தில் இறங்கும். ரத்த அழுத்தத்துக்கும் வலிக்கும் தருகிற சில மாத்திரைகளில் இது ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

எங்கள் கடைக்கு அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா வருவார். மடியில் பாக்குவெட்டி இருக்கும். வாங்கின மாத்திரையைக் கடைவாசலிலேயே நறுக் நறுக்கென்று வெட்டிக் காகிதத்தில் மடித்துக்கொள்வார். கேட்டால், “நாலா வெட்டுனாத்தாம்மா எறங்குது.” அவருக்கு அதையே சிறிய மாத்திரையாக, இரண்டு வேளைக்கு மாற்றி எழுதித் தரும்படி டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். வேலை முடிந்தது. நீங்களும் அப்படிக் கேளுங்கள்.

விதிவிலக்கு உண்டு. மெட்டோப்ரொலால் சக்சினேட் போன்ற சில நீடித்த மாத்திரைகளின் நடுவில் கோடு போட்டிருக்கும். அவற்றில் மருந்து குட்டிக் குட்டி உருண்டைகளாக, ஒவ்வொன்றும் தனித்தனிப் பூச்சோடு உள்ளே இருக்கும். கோட்டில் பாதியாக்கினாலும் உருண்டைகள் உடையாது. அதையும் மென்று தின்னக் கூடாது. கோடு இருக்கிறதே என்று எல்லாவற்றையும் உடைக்கவும் கூடாது, கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பி.ஃபார்ம். கடைசி வருடம் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்கு எச்.பி.எம்.சி. பாலிமரில் கே4எம் என்ற கிரேடை 10, 20, 30, 40 சதவீதம் வைத்து நான்கு பேட்ச் போட்டேன். மாத்திரை எடை எல்லாவற்றிலும் ஒன்றுதான், மிச்சத்தை லாக்டோஸால் (பால் சர்க்கரை) நிரப்பினேன். 10 சதவீதம் அரை மணியில் உடைந்துவிட்டது. 20-இல் சோதித்த ஆறு மாத்திரையும் ஆறு விதம். 30 நன்றாக வந்தது, 8 மணி நேரம் தாங்கியது. 40 போட்டால் இன்னும் நிறைய நேரம் தாங்கும் என்று நினைத்தேன், லேசாகத்தான் கூடியது. பாலிமர் கூடக்கூட மருந்து மெதுவாகும் என்றுதானே படித்தோம்? நான் எங்கே தப்பு செய்தேன்? வழிகாட்டி சாரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

– மாணவி, மதுரை

பதில்: தப்பே இல்லை, கண்ணு. உனக்கு வந்திருப்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிட்ட விஷயத்தின் முழு உருவம். பயப்படாமல் சாரிடம் கொண்டுபோய்க் காட்டு.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி ஆழ்வார்புரம் பக்கம் போயிருக்கிறாயா? 11 மணிக்கு ஆங்காங்கே ஆட்கள் நிற்பார்கள், நீ பாட்டுக்கு வளைந்து வளைந்து நடந்து போகலாம். 1 மணிக்குக் கூட்டம் இரண்டு மடங்காகியிருக்கும், அப்போதும் போகலாம், கொஞ்சம் இடிபடுவாய். அப்புறம் எந்த நிமிடம் என்று தெரியாது, எல்லார் தோளும் தோளோடு முட்டி, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை வரைக்கும் ஒரே சுவராகிவிடும். அதன்பின் யாரும் நகர முடியாது. அந்தச் சுவருக்குப் பின்னால் இன்னும் பத்தாயிரம் பேர் வந்து சேர்ந்தாலும் உனக்கு ஒன்றுதான், ஏற்கெனவே நின்றுவிட்டாய்.

பாலிமர் துகள்களும் இப்படித்தான். 10 சதவீதத்தில் துகள்கள் தனித்தனியே நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தில் ஊதுகிறது, பக்கத்துத் துகளோடு சேரவில்லை. படலம் அமைவதற்குப் பதில், ஊதியது ஆப்பு வைத்த மாதிரி மாத்திரையைப் பிளந்துவிட்டது. 30-இல் துகளுக்குத் துகள் முட்டி, ஈரம் பட்டதும் இடைவெளி இல்லாத கூழ்ச் சுவர் எழும்பிவிட்டது. 20 இருக்கிறதே, அதுதான் விளிம்பு. கலவையில் துகள்கள் எப்படி விழுந்தன என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்து ஒரு மாத்திரையில் சுவர் சேரும், அடுத்ததில் ஓட்டை விழும். ஆறு மாத்திரை ஆறு விதமாக வந்ததற்குக் காரணம் அது. ஆங்கிலப் புத்தகத்தில் பெர்கோலேஷன் த்ரெஷோல்டு என்று தேடிப் பார். எச்.பி.எம்.சி.க்கு அது பொதுவாக 20-க்கும் 30-க்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும். மருந்து எவ்வளவு கரையும், பாலிமர் எவ்வளவு பொடியாக இருக்கிறது என்பதைப் பொறுத்து நகரும்.

இந்த விளிம்பில் நான் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். விற்பனைப் பிரிவிலிருந்து, மாத்திரை பெரிதாக இருக்கிறது, டாக்டர்கள் முகம் சுளிக்கிறார்கள், சின்னதாக்கிக் கொடுங்கள் என்றார்கள். மருந்தைக் குறைக்க முடியாது, அதனால் பாலிமரில் கை வைத்தேன், 32 சதவீதத்திலிருந்து 22-க்கு. சின்ன டிரையல் பேட்ச் அழகாகப் பாஸ் ஆனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய பேட்ச் போட்டபோது, கரைசலில் சோதித்த ஆறு மாத்திரையில் நான்கு ஒழுங்காக இருந்தன, இரண்டு முதல் மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் மருந்தைக் கக்கிவிட்டன. விதிப்படி இன்னும் ஆறு போட்டோம், அப்புறம் பன்னிரண்டு போட்டோம். தேறவில்லை. ஸ்டோரில் கேட்டால், புதிதாக வந்த பாலிமர் அதே கிரேடு, ஆனால் துகள் கொஞ்சம் பெரிது. பெரிய துகள் என்றால் அதே எடையில் எண்ணிக்கை குறைவு, நனைவதும் மெதுவு. 32-இல் இருந்திருந்தால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்தே இருக்காது. 22-இல் பேட்ச் முழுக்கக் குப்பைக்குப் போனது. ராத்திரி 2 மணிக்கு அந்தச் சோதனைப் பாத்திரங்களுக்குள் பிளந்து கிடந்த இரண்டு மாத்திரைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அன்றிலிருந்து கரைகிற மருந்து என்றால் 30-க்குக் கீழே நான் இறங்கியதே இல்லை.

சரி, 40 ஏன் ஏமாற்றியது? சுவர் கட்டி முடிந்தபின் செங்கல் கூடினால் சுவர் கெட்டியாகும், அவ்வளவுதான். அதனால் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் 10-லிருந்து 30-க்கு வந்தபோது கண்ட பாய்ச்சல் இருக்காது. கிரேடு விஷயத்திலும் இதே கதை. கே4எம், கே15எம், கே100எம் என்று இருக்கிறதே, அந்த எண்கள் 2 சதவீதக் கரைசலின் பிசுபிசுப்பு: 4,000, 15,000, 1,00,000 சென்டிபாய்ஸ். சாதாத் தண்ணீர் 1 என்று வைத்துக்கொள். காகிதத்தில் 4-க்கும் 100-க்கும் 25 மடங்கு வித்தியாசம், ஆனால் மருந்து வெளிவரும் வேகத்தில் 25 மடங்கை எதிர்பார்த்தால் ஏமாந்து போவாய். குறிப்பாக 15-லிருந்து 100-க்குப் போகும்போது பல மருந்துகளில் வரைபடத்தின் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துவிடும்.

இப்போது உன்னை ஒரு இடத்தில் பிடிக்கிறேன். நீ மாற்றியது பாலிமரை மட்டும் என்று நினைக்கிறாய். எடையை ஒன்றாக வைத்து மிச்சத்தை லாக்டோஸால் நிரப்பினாய் அல்லவா? அப்படியானால் 10 சதவீத மாத்திரையில் பாலிமர் குறைவு மட்டுமில்லை, லாக்டோஸ் 40 சதவீத மாத்திரையில் இருப்பதைவிட, மாத்திரை எடையில் நூற்றுக்கு 30 பங்கு அதிகம். லாக்டோஸ் கரைந்து போகும், போன இடத்தில் ஓட்டை விடும். ஆக, சுவரைக் குறைத்ததும் நீயே, ஓட்டையைக் கூட்டியதும் நீயே. எது எவ்வளவு காரணம் என்று இப்போது பிரிக்க முடியாது. வைவாவில் வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் கொஞ்சம் விவரமானவர் என்றால் இதைத்தான் முதலில் கேட்பார். நேரம் இருந்தால் 20-யும் 30-யும் மட்டும், லாக்டோஸுக்குப் பதில் கரையாத டைகால்சியம் பாஸ்பேட் வைத்து இன்னொரு முறை போட்டுப் பார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புராஜெக்ட்டுக்கு அதுதான் உயிர்.

வெளிவந்த மருந்தின் வரைபடத்தை நேரத்துக்கு எதிராக மட்டும் போடாதே, நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராகவும் போடு. தகேரு ஹிகுச்சி 1961-இல் களிம்பிலிருந்து மருந்து வெளியேறுவதற்குப் போட்ட கணக்கு அது, பின்னால் மாத்திரைக்கும் வந்தது. மருந்து வெளியேற வெளியேற, உள்ளே மிச்சமிருப்பது வெளியே வரக் கடக்க வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போகிறது. அதனால் முதல் 1 மணியில் 30 சதவீதம் வந்தால், 60 சதவீதம் வர 2 மணி இல்லை, 4 மணி ஆகும். உன் 30, 40 சதவீத பேட்ச்கள் அந்தப் படத்தில் கிட்டத்தட்ட நேர்கோடாக விழும் என்று நினைக்கிறேன். 10 விழாது, அது உடைந்த மாத்திரை, அதற்கு ஹிகுச்சி கணக்குப் போட்டு, புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் ஆர் ஸ்கொயர் மதிப்பு எழுதி வைத்தால் சிரிப்பார்கள். கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் என்ற இன்னொரு சமன்பாட்டைப் போடுவதானால் முதல் 60 சதவீத மருந்து வெளிவரும் வரைக்கும் உள்ள புள்ளிகளை மட்டும் எடு. முழுசுக்கும் போட்டு, அதில் வரும் ‘என்’ என்ற அடுக்கின் மதிப்பை எழுதுவது நம் ஊர்ப் புராஜெக்ட்களில் நான் சலிக்கச் சலிக்கப் பார்த்த பிழை.

கேள்வி: மாத்திரையில் பாதிக்கு மேல் மாவுதான் என்கிறார்கள். விலை குறைந்த மாத்திரைக்கும் கூடினதுக்கும் மாவில்தான் வித்தியாசமா?

– வாசகர், உசிலம்பட்டி

பதில்: மாவு என்பது உண்மை, ஏமாற்று என்பது உண்மையில்லை. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுகிற அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்றால், அந்த 5 மில்லிகிராமை மட்டும் கையில் கொடுத்தால் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். பிடிக்க ஒரு உருவம் வேண்டாமா? ஆனால் அந்த மாவு சும்மா இடத்தை அடைப்பதில்லை, அது வேலை செய்கிறது. எங்கள் பாஷையில் எக்ஸிபியன்ட், தமிழில் துணைப்பொருள்.

ஒரே ஸ்டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றினால் துகளைத் துகளோடு ஒட்டும். காய்ச்சாமல் உலர்ந்த மாவாகக் கலந்தால் தண்ணீர் பட்டதும் ஊறி மாத்திரையைப் பிரிக்கும். ஒட்டுவதும் அதுவே, பிரிப்பதும் அதுவே. சோடியம் ஸ்டார்ச் கிளைக்கோலேட் என்று ஒரு மாற்று ஸ்டார்ச் இருக்கிறது. 4 சதவீதம் போட்டால் மாத்திரை பொலபொலவென்று உதிரும். இன்னும் சீக்கிரம் உதிரட்டும் என்று 8-க்கு மேல் போனால் அதுவே கூழாகி வழியை அடைத்துவிடும், மாத்திரை முன்பைவிட மெதுவாக உடையும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் ஆளுக்கொருமுறை இந்தக் குழியில் விழுவார்கள். நான் சொல்லித் தடுப்பதில்லை.

மாவு மாறினால் ஆளையே சாய்க்கும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 1968 வாக்கில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று தள்ளாட ஆரம்பித்தார்கள். அளவு மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. கேப்ஸ்யூலுக்குள் நிரப்பியாக இருந்த கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் போட்டிருந்தார்கள். அதனால் மருந்து முன்பைவிட அதிகமாக ரத்தத்தில் ஏறி, விஷமாகிவிட்டது.

இன்று இதற்கெல்லாம் சோதனை இருக்கிறது. ஜெனரிக் மருந்து, அதாவது மூல மருந்தைப் பார்த்து மற்றக் கம்பெனிகள் செய்யும் மருந்து, ரத்தத்தில் ஏறும் அளவை மூல மருந்தோடு ஒப்பிட்டு, அந்த விகிதம் 80-லிருந்து 125 சதவீதத்துக்குள் அடங்குகிறதா என்று புள்ளியியல் கணக்கோடு பார்ப்பார்கள். எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு இந்தச் சோதனையை 2017-இல் இந்தியாவில் கட்டாயமாக்கினார்கள். விலை குறைவு என்பதற்காகப் பயப்படாதீர்கள், எங்கள் வீட்டில் நானும் ஜெனரிக்தான் சாப்பிடுகிறேன். வலிப்பு மருந்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்றாதீர்கள்.

கேள்வி: டம்ளர் தண்ணீரில் நான்கு மாத்திரைகளைப் போட்டுப் பார்த்தேன். காய்ச்சல் மாத்திரை கரைந்தது, கேஸ் மாத்திரை ஒரு மணி நேரம் ஆகியும் கல்லுபோல் கிடக்கிறது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாமா?

– வாசகர், வாடிப்பட்டி

பதில்: கடைக்காரர் பாவம். கேஸ் மாத்திரை, அதாவது பேன்டோப்ரசோல் போன்றவை, இரைப்பை அமிலத்தில் கெட்டுவிடுகிற மருந்து. அதனால் அமிலத்தில் கரையாமல், குடலுக்குப் போனபின் கரைகிற பாலிமரைப் பூசியிருப்பார்கள். அமிலத்தில் 2 மணி நேரம் கிடந்தும் அசையக் கூடாது, பிறகு குடல்நீரைப்போன்ற கரைசலுக்கு மாற்றினால் 1 மணி நேரத்துக்குள் உடைய வேண்டும். சோதனையே அப்படித்தான். இங்கேயும் அளவு முக்கியம்: பூச்சு மெலிந்தால் விளிம்பில் அமிலம் கசிந்துவிடும், கனத்தால் குடலிலும் திறக்கத் தாமதமாகும்.

பூச்சில்லாத சாதா மாத்திரைக்கு 15 நிமிடம், மெல்லிய பூச்சுள்ளதற்கு 30 நிமிடம் கெடு. தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற குழந்தை மாத்திரை 3 நிமிடத்தில் பிரிய வேண்டும். இதெல்லாம் மாத்திரை உடைகிறதா என்கிற கணக்கு மட்டும். உடைந்த தூளிலிருந்து மருந்து கரைகிறதா என்பது தனிச் சோதனை. அதற்குப் பெரும்பாலும் 900 மில்லி கரைசல், 37 டிகிரி சூடு, நிமிடத்துக்கு 50 அல்லது 75 முறை சுற்றுகிற துடுப்பு. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீருக்கு 37 டிகிரி இருந்தாலும் இருக்கும், மிச்சமெல்லாம் உங்கள் டம்ளரில் இல்லை. எஸ்.ஆர். மாத்திரை என்றால் ஒரு நேரம் பார்த்தால் போதாது, குறைந்தது மூன்று நேரம் எடுத்துப் பார்ப்போம். ஆரம்பத்தில் கொட்டிவிடவில்லையா, நடுவில் ஒழுங்காக வருகிறதா, கடைசியில் 80 சதவீதமாவது வந்து சேர்ந்ததா என்று.

கேள்வி: பெயர் போட வேண்டாம். ராத்திரி எஸ்.ஆர். மாத்திரை, அதே ராத்திரியில் கொஞ்சம் சரக்கு. பிரச்சினை உண்டா?

பதில்: பெயர் போடவில்லை. பிரச்சினை உண்டு. தண்ணீரில் கரையாத சில பூச்சுப் பாலிமர்கள் சாராயத்தில் கரைந்துவிடும். அமெரிக்காவில் ஹைட்ரோமார்ஃபோன் என்கிற கடுமையான வலிமருந்தின் 24 மணி நேரக் கேப்ஸ்யூல், மதுவோடு சேர்ந்தால் மொத்த மருந்தையும் ஒரேயடியாகக் கொட்டுகிறது என்று கண்டுபிடித்து 2005-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். எச்.பி.எம்.சி. மாத்திரைகள் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் உங்கள் அட்டையில் என்ன பாலிமர் என்று நீங்கள் பார்த்தீர்களா? அதிலும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் என்றால், பாலிமரை விடுங்கள், அந்த மருந்துக்கும் மதுவுக்குமே ஆகாது.

கேள்வி: செல்லூரில் தறி வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. ஆச்சி காலத்தில் புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி அரைத்துப் பாவுக்கு (தறியின் நெடுக்கு இழைக்கு) கஞ்சி போடுவார்களாம். அதே புளியங்கொட்டை இப்போது மாத்திரையில் சேர்கிறது என்று பேரன் சொல்கிறான். கேலி செய்கிறானா?

– வாசகர், மதுரை

பதில்: பேரன் கேலி செய்யவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. புளியங்கொட்டைப் பருப்பில் பாதிக்கு மேல் சைலோகுளூக்கன் என்கிற பாலிமர். நனைந்தால் ஊறிக் கூழாகும், மருந்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். நம் மருந்தியல் கல்லூரிகளில் இதை வைத்து எத்தனையோ பேர் மாத்திரை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கொத்தவரை விதையின் பிசினும் அப்படி, மண்டபம் கடலோரத்தில் கிடைக்கும் பாசியிலிருந்து எடுக்கிற ஆல்ஜினேட்டும் அப்படி.

பிறகு ஏன் எல்லா மாத்திரையிலும் அது இல்லை என்று கேட்பீர்கள். மரத்துக்கு மரம், வருடத்துக்கு வருடம் அதன் பிசுபிசுப்பு மாறும். பாவு என்றால் உங்கள் ஆச்சி கஞ்சியை இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்த்து, போதாது, இன்னும் ஒரு கைப்பிடி என்று போட்டிருப்பார். நீர்த்தால் இழை அறும், கெட்டியானால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும் என்று அவர் கைக்குத் தெரியும். மாத்திரை மெஷின் மணிக்கு லட்சக்கணக்கில் அடிக்கிறது, அங்கே விரல் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. போன மாதம் 30 சதவீதம் செய்த வேலையை இந்த மாதமும் 30 சதவீதம் செய்தாக வேண்டும். பிசுபிசுப்பை விஸ்காமீட்டர் கருவியில் அளந்து, கிரேடு பிரித்து வருகிற செயற்கைச் சரக்கு அதற்குத்தான் ஜெயித்தது.

கம்பெனிகளும் இன்றைக்கு வறுத்துத் தோல் நீக்கித்தான் மாவாக்குகிறார்கள். ஆச்சி ஒரு பானைத் தண்ணீருக்கு எத்தனை படி மாவு போட்டார் என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். அது எத்தனை சதவீதம் வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது.